மரை தந்த மாமனிதர் சர் ஜோசப் விட்வொர்த்



யாராவது கொஞ்சம் கோக்குமாக்காகப் பேசினால் அவனுக்கு மரை கழண்டு போச்சு என்று நாம் கிண்டல் செய்வோம். மரை கழன்றால் மனுஷனும் சரி, மெஷினும் சரி, நிலையாக நிற்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்த மரைக்கு ஒரு பொது அளவு வேண்டும் என்று ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்தார், அதை ஒரு நாடு முழுக்க ஒப்புக்கொள்ள வைத்தார் என்பது போன வருஷம் வரை எனக்குத் தெரியாது. தெரிய வைத்தது எந்தப் பாடப் புத்தகமும் இல்லை. என் அப்பாவின் சைக்கிள்! ஆகவே அந்த மாமனிதரின் வாழ்க்கையைச் சொல்வதற்கு முன்னால் சைக்கிள் கதையைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் சைக்கிள்

என் அப்பா சைக்கிளில் உப்பு விற்பவர். கேரியரில் ஒரு மூட்டை கல் உப்பு, ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் தூள் உப்புப் பைகள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மத்தியானம்தான் வீடு திரும்புவார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்த அன்றைக்கே, மகன் இஞ்சினியருக்குப் படிக்கிறான் என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அது டிப்ளமோப்பா என்று எத்தனை முறை திருத்தினாலும் காதில் வாங்க மாட்டார்.

போன மழைக்காலத்தில் அந்த சைக்கிளின் ஹேண்டில்பார், தண்டோடு சேரும் இடத்தில் துருப்பிடித்து விட்டுப்போச்சு. சைக்கிள் கடை அண்ணன் புதுசு வாங்கிப் போடச் சொன்னார். நான்தான் பெரிய இஞ்சினியர் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? பழைய இரும்புக் கடையில் ஒரு சின்னப் பையன் சைக்கிளின் ஹேண்டில்பாரைத் தண்டோடு எடைக்கு வாங்கி வந்தேன். அப்பா வண்டியில் கம்பி பிரேக்கை எடுத்துவிட்டு ஒயர் பிரேக் போட்டு வெகுகாலம் ஆகிவிட்டதால் அதில் சிக்கல் இல்லை. சிக்கல் தண்டில் இருந்தது. போர்க்கின் கழுத்துக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தால் லொடலொடவென்று ஆடியது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம். ஹேண்டில் தண்டின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு நீள போல்ட் போகும். அதன் அடியில் கூம்பு போன்ற ஒரு நட்டு இருக்கும். போல்ட்டை முறுக்க முறுக்கக் கூம்பு மேலே ஏறி, தண்டின் கீறி விட்ட அடிப்பாகத்தை விரிக்கும். விரிந்த பாகம் போர்க்குக் குழாயின் உட்சுவரை இறுகப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான்! வெல்டிங் கிடையாது, ஆணி கிடையாது. அளவு சரியாக இருப்பதால் கிடைக்கும் உராய்வு ஒன்றுதான் ஹேண்டில்பாரையும் முன்சக்கரத்தையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது.

நான் என்ன செய்தேன்? பவுடர் டப்பாவை வெட்டி, அந்தத் தகரத்தைத் தண்டில் சுற்றி, சுத்தியலால் தட்டி இறக்கி, போல்ட்டை முறுக்கினேன். ஆடவில்லை! அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வாரம் நன்றாகத்தான் ஓடியது. எட்டாம் நாள் காலை, கடைத்தெருத் திருப்பத்தில் அப்பா ஹேண்டிலைத் திருப்பினார். ஹேண்டில் திரும்பியது. சக்கரம் திரும்பவில்லை.

மூட்டை சாக்கடையில். அப்பா ரோட்டில். மணிக்கட்டு எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் அம்மா பூக்கட்டிய காசில்தான் வீடு ஓடியது. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லல. கேட்டவர்களிடம் எல்லாம் ரோட்டில் கிடந்த மணல் சறுக்கிவிட்டது என்றே சொன்னார். அது எனக்கு அடி வாங்கியதை விட மோசமாக இருந்தது.

வெர்னியர் சொன்ன உண்மை

போர்க்கையும் ஹேண்டில்பாரையும் தூக்கிக்கொண்டு நம்ம ஒர்க்ஷாப்புக்கு வந்தேன். சார் முழுக் கதையையும் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். மாட்டுவதற்கு முன்னால் அளந்தாயா என்று. நான் தலை குனிந்தேன். முதல் செமஸ்டரிலேயே வெர்னியர் கேலிப்பர் பிடிக்கக் கற்றவன், பரீட்சையில் முழு மார்க் வாங்கியவன், வீட்டில் வேலை என்று வந்ததும் கண்ணால் அளந்து கையால் தட்டியிருக்கிறேன்!

அன்றைக்கு அளந்தேன். போர்க்குக் குழாயின் உள்விட்டம் 22.2 மில்லிமீட்டர். அதாவது ஒரு அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு. தண்டின் வெளிவிட்டம் 21.1 மில்லிமீட்டர். வித்தியாசம் 1.1. சுற்றிலும் பார்த்தால் பக்கத்துக்கு 0.55 மில்லிமீட்டர். பார்வைக்கு ஒன்றுமே இல்லாத இந்த அரை மில்லிமீட்டரில்தான் என் அப்பாவின் கை முறிந்தது. தகரத்தை நான் சுற்றிய விதத்தில் ஓர் இடத்தில் இரண்டு மடிப்பு, ஓர் இடத்தில் மூன்று மடிப்பு. பிடிமானம் இரண்டு கோட்டில் மட்டும் இருந்தது. பாரம் ஏறி ஏறி தகரம் நசுங்கியதும் பிடி விட்டுப்போச்சு.

சரியான வழியை சார் சொல்லிக் கொடுத்தார். தண்டின் மேல் போட ஒரு மெல்லிய உறை கடைய வேண்டும். முதலில் உள்துளையை 21.1-க்குக் கடைந்து முடித்து, பிறகு அதை ஒரு மாண்ட்ரலில் ஏற்றி வெளிப்பக்கத்தை 22.2-க்குக் கொஞ்சமே குறைவாகக் கடைய வேண்டும். மேலே ஒரு சிறு விளிம்பு விட வேண்டும், உறை உள்ளே நழுவிப் போகாமல் இருக்க. கடைசியாக நீளவாக்கில் ஹாக்ஸா பிளேடால் ஒரு கீறல். கூம்பு விரிக்கும்போது உறையும் சேர்ந்து விரிய அந்தக் கீறல் அவசியம். குழாய்க்குள் போகும் நீளம் 65 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மூன்று உறைகளைக் கெடுத்தேன். நாலாவது, கட்டைவிரலால் அழுத்தியதும் சத்தமே இல்லாமல் உள்ளே போய் நின்றது. ஆடவே இல்லை. அந்த நிமிஷத்தை வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை நண்பர்களே!

அப்போதுதான் போல்ட்டின் மரையைச் சரிபார்க்க சார் பிட்ச் கேஜை நீட்டினார். விசிறி மாதிரி விரியும் அந்தத் தகடுகளின் உறையில் விட்வொர்த், 55 டிகிரி என்று எழுதியிருந்தது. நாம் எல்லோரும் நூறு முறை பார்த்திருப்போம். யார் சார் இந்த விட்வொர்த் என்று கேட்டேன். சார் சிரித்துவிட்டு லைப்ரரிக்கு அனுப்பினார். இனி அவர் கதை.

மாமாவின் மில்லை விட்டு ஓடிய பையன்

ஜோசப் விட்வொர்த் 1803 டிசம்பர் 21-ம் தேதி இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் ஊரில் பிறந்தார். அப்பா சார்லஸ் பள்ளி ஆசிரியர், பிறகு சர்ச்சில் போதகர். பன்னிரண்டு வயதில் ஜோசப்பை லீட்ஸ் நகருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். பதினாலு வயதில் படிப்பு நின்றது. டெர்பிஷயரில் நூற்பாலை வைத்திருந்த உறவினரிடம் தொழில் பழக அனுப்பப்பட்டார். ஒழுங்காக இருந்தால் நாளைக்கு மில்லில் ஒரு பங்கும் கிடைக்கும். யாருக்குக் கசக்கும்?

ஜோசப்புக்குக் கசந்தது. மில்லின் கணக்குப் புத்தகத்தை விட மில்லில் ஓடும் மெஷின்கள் மேல்தான் அவருக்குக் கண். எல்லா மெஷினையும் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்ட பிறகு, இவை எவ்வளவு கரடுமுரடாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்ற எரிச்சல்தான் மிஞ்சியது. பதினெட்டு வயது வாக்கில், அதாவது இப்போது எனக்கு இருக்கும் வயதில், சொல்லாமல் கொள்ளாமல் மான்செஸ்டருக்குப் போய்ச் சாதாரண மெக்கானிக்காக வேலைக்குச் சேர்ந்தார். முதலாளி ஆக வேண்டியவர் தொழிலாளி ஆனார்!

1825-ல் கல்யாணம். அதே ஆண்டு லண்டன் போய் ஹென்றி மோட்ஸ்லியின் பட்டறையில் சேர்ந்தார். லேத் என்றால் மோட்ஸ்லி, மோட்ஸ்லி என்றால் லேத் என்று பேர் வாங்கிய மேதை அவர். துல்லியம் என்றால் என்ன என்பதை அங்கே வேலை பார்த்த ஒவ்வொருவரும் கற்றார்கள். பிறகு ஜோசப் கிளெமென்ட் என்பவரிடமும் வேலை பார்த்தார். கம்ப்யூட்டருக்கு முப்பாட்டன் என்று சொல்லப்படும் சார்ல்ஸ் பாபேஜின் கணக்கு மெஷினுக்குப் பாகங்கள் செய்தது இந்த கிளெமென்ட்தான். ஆக, அன்றைக்கு உலகத்திலேயே சிறந்த பட்டறைகள் எவையோ அவற்றில் தொழிலாளியாக நின்று விட்வொர்த் படித்தார். அதுதான் அவருடைய பாலிடெக்னிக்!

மூன்று தட்டு ரகசியம்

ஃபிட்டிங் செக்‌ஷனில் சர்ஃபேஸ் பிளேட்டில் நீலம் தடவி, வேலைத்துண்டைத் தேய்த்துப் பார்த்து, மேடு தெரியும் இடத்தைச் சுரண்டுகிறோம் இல்லையா? அந்த முதல் சமதளத் தட்டு எப்படி வந்தது? அதைச் சரிபார்க்க வேறு தட்டு வேண்டுமே!

இரண்டு தட்டுகளை மட்டும் ஒன்றோடொன்று பொருத்தினால் ஏமாந்துவிடுவோம். ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருந்தால்கூட இரண்டும் அழகாகப் பொருந்தும். ஆனால் மூன்றாவதாக ஒரு தட்டைக் கொண்டு வந்து, ஒவ்வொன்றையும் மற்ற இரண்டோடும் மாற்றி மாற்றிப் பொருத்தினால் ஏமாற்று நடக்காது. மூன்றும் மூன்றோடும் பொருந்த ஒரே வழி, மூன்றுமே சமதளமாக இருப்பதுதான். மோட்ஸ்லி பட்டறையிலேயே சமதளத்துக்குப் பெரிய மரியாதை இருந்தது. விட்வொர்த் இந்த மூன்று தட்டு வேலையை முறைப்படுத்தினார். எமரித் தூள் போட்டு அரைக்கக் கூடாது, நீலம் காட்டும் மேட்டை மட்டும் சுரண்ட வேண்டும் என்றார். 1840-ல் கிளாஸ்கோவில் நடந்த விஞ்ஞானிகள் கூட்டத்தில் அதைப் பகிரங்கமாக விளக்கினார். தொழில் ரகசியத்தை மூடி வைக்கும் காலத்தில் ஊருக்கே சொல்லிக் கொடுத்தார்.

அதற்கு முன்பே, 1833-ல், மான்செஸ்டருக்குத் திரும்பியிருந்தார். நீராவி இஞ்சின் சக்தியோடு ஒரு ரூமை வாடகைக்கு எடுத்து, லண்டனில் இருந்து வந்த கருவி செய்பவர் என்று ஒரு போர்டு மாட்டினார். அந்த ஒரே ரூம்தான் பின்னாளில் உலகமே திரும்பிப் பார்த்த தொழிற்சாலை ஆயிற்று.

ஊருக்கு ஒரு மரை!

அந்தக் காலத்தில் போல்ட்டும் நட்டும் எப்படி இருந்தன தெரியுமா? ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ஒரே அரை அங்குல போல்ட்டுக்கு ஒரு பட்டறையில் ஒரு கணக்கு, அடுத்த தெருப் பட்டறையில் வேறு கணக்கு. ஒரு நட்டு தொலைந்தால் அந்த போல்ட்டைச் செய்தவரையே தேடிப் போக வேண்டும். அவர் செத்துப் போயிருந்தால் போல்ட்டும் செத்தது! ரயில்வே வேகமாகப் பரவிக்கொண்டிருந்த சமயம். ஓர் ஊரில் செய்த இஞ்சின் இன்னோர் ஊரில் நின்றுபோனால் ரிப்பேர் செய்ய வழியில்லை.

விட்வொர்த் இதற்கு வழி தேடிய விதம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. அவரே பெரிய மேதை. தன் பட்டறை மரையே சிறந்தது, எல்லோரும் இதையே பின்பற்றுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாட்டின் பல பட்டறைகளில் இருந்து போல்ட்டுகளைச் சேகரித்தார். உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அளந்தார். மரையின் கோணத்துக்கும் இழைகளின் எண்ணிக்கைக்கும் நடுத்தர அளவு எடுத்தார். கோணம் 55 டிகிரி என்று வந்தது. கால் அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 20 இழை, அரை அங்குலத்துக்கு 12, ஒரு அங்குலத்துக்கு 8. மரையின் உச்சியும் அடியும் கூர்மையாக இல்லாமல் உருண்டையாக இருக்க வேண்டும், ஆழம் பிட்ச்சில் 0.64 பங்கு. 1841-ல் சிவில் இஞ்சினியர்கள் சங்கத்தில் இதைப் படித்தார்.

நடு அளவு என்பதால் யாரும் முழுசாகத் தோற்கவில்லை. எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். ரயில் கம்பெனிகள் ஏற்றன. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தில் இதுவே பொது மரை ஆகிவிட்டது. உலகத்தில் ஒரு தேசம் முழுக்கப் பரவிய முதல் மரை அளவு இதுதான் என்கிறார்கள்.

இதன் பலன் கிரிமியப் போர் சமயத்தில் தெரிந்தது. கடற்படைப் படகுகளுக்கு அவசரமாக இஞ்சின்கள் தேவைப்பட்டன. எண்ணிக்கை சுமார் 90, கையில் இருந்ததோ மூன்று மாத அவகாசம். ஜான் பென் என்ற இஞ்சினியர் மாதிரி இஞ்சினைத் தனித்தனிப் பாகமாகப் பிரித்து, வெவ்வேறு ஊர்ப் பட்டறைகளுக்கு அனுப்பிச் செய்யச் சொன்னார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத தொழிலாளிகள் செய்த பாகங்கள் ஓரிடத்தில் வந்து சேர்ந்து பொருந்தின. ஏன்? எல்லோரும் ஒரே மரையில் வேலை செய்தார்கள்!

பத்து லட்சத்தில் ஒரு பங்கு

விட்வொர்த்தின் அளவு வெறி அதோடு நிற்கவில்லை. ஒரு அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் காட்டும் அளவு மெஷினைச் செய்தார். தத்துவம் நாம் படிப்பதுதான். அங்குலத்துக்கு 20 இழை உள்ள ஒரு திருகு. அதன் தலையில் 200 பல் உள்ள வார்ம் வீல். அதைத் திருப்பும் சக்கரத்தில் 250 கோடுகள். இருபதை இருநூறால் பெருக்கி, மறுபடி இருநூற்று ஐம்பதால் பெருக்கிப் பாருங்கள். சரியாகப் பத்து லட்சம்! நடுவில் ஒரு சிறு தகட்டை நிறுத்துவார்கள். சக்கரத்தை ஒரு கோடு பின்னால் திருப்பினால் தகடு தன் எடையால் நழுவும். அந்த அளவுக்கு நுணுக்கம். நானோ அரை மில்லிமீட்டரைப் பவுடர் டப்பாவால் அடைத்தவன்!

1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் விட்வொர்த்தின் லேத், பிளேனிங் மெஷின், டிரில்லிங் மெஷின் எல்லாம் வரிசையாக நின்றன. மெஷின் டூல்ஸ் பிரிவில் அவருக்கு இணை யாரும் இல்லை என்று ஆனது. 1856-ல் மெக்கானிக்கல் இஞ்சினியர்கள் சங்கத்துக்குத் தலைவர் ஆனார். பதினாலு வயதில் பள்ளியை விட்டவர், 1857-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரும் ஆனார்.

துப்பாக்கியும் தர்மமும்

ஒரு விஷயத்தை மறைத்தால் நான் எழுதுவது நேர்மையாகாது. விட்வொர்த் துப்பாக்கியும் பீரங்கியும் செய்தார். அரசாங்கம் ராணுவத் துப்பாக்கியைப் பற்றி அவரிடம் யோசனை கேட்டபோது, தன் வீட்டருகே 500 கஜ நீளத்துக்குச் சுடும் கூடம் கட்டி ஆராய்ச்சி செய்தார். குழாயின் உள்ளே அறுகோண வடிவம் கொடுத்து, குண்டையும் அதற்கேற்பச் செய்தார். 1860-ல் விக்டோரியா மகாராணி, தாங்கியில் பொருத்தப்பட்ட அவருடைய துப்பாக்கியை 400 கஜத்தில் இருந்து சுட்டபோது குண்டு நடுப்புள்ளிக்கு வெகு அருகில் போய்ப் பட்டது. ஆனால் விலை அதிகம், குழாயில் கரி சீக்கிரம் சேர்கிறது என்று பிரிட்டிஷ் ராணுவம் ஒதுக்கிவிட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலத்துக்காரர்கள் அதைக் குறிபார்த்துச் சுடப் பயன்படுத்தினார்கள். அளவு என்பது கத்தி மாதிரிதான். பிடிக்கிற கையைப் பொறுத்துதான் நன்மையும் தீமையும் என்பது என் தாழ்மையான கருத்து.

நம்மைப் போன்ற பிள்ளைகளுக்கு...

நண்பர்களே, இதைப் படித்தபோதுதான் எனக்குக் கண் கலங்கியது. பணமும் புகழும் சேர்ந்த பிறகு, 1868-ல், விட்வொர்த் ஓர் உதவித்தொகைத் திட்டம் ஆரம்பித்தார். அதற்காக ஒரு லட்சம் பவுண்டு ஒதுக்கினார். வருஷத்துக்கு நூறு பவுண்டு வீதம் முப்பது இளைஞர்களுக்கு என்பது திட்டம். யாருக்கு? கையால் வேலை தெரிந்தவனுக்குப் படிப்பும், படித்தவனுக்குக் கைவேலையும் சேர்ந்து வர வேண்டும் என்பது அவர் எண்ணம். பட்டறையில் வேலை பழகிய ஏழைப் பையனும் போட்டியிடலாம். அந்த உதவித்தொகை இன்றைக்கும் இங்கிலாந்தில் கொடுக்கப்படுகிறது.

1869-ல் பேரனட் பட்டம் கிடைத்து சர் ஜோசப் ஆனார். 1887 ஜனவரி 22-ம் தேதி மான்டி கார்லோவில் காலமானார். சொத்தில் பெரும்பகுதி மான்செஸ்டர் மக்களுக்கே போயிற்று. அவர் பெயரில் அங்கே ஒரு பூங்காவும் ஓவியக் கூடமும் இன்றும் இருக்கின்றன. மனிதர் கொஞ்சம் கடுகடுப்பானவர், விட்டுக்கொடுக்காதவர் என்று சொல்கிறார்கள். இருக்கட்டும். மரை விஷயத்தில் அவர் எல்லோரையும் கேட்டாரே, அது போதும்.

மறுபடியும் சைக்கிள்

விட்வொர்த் மரையே கடைசி வார்த்தை இல்லை. 1864-ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ், செய்வதற்குச் சுலபம் என்று 60 டிகிரி மரையைக் கொண்டு வந்தார். இரண்டும் பொருந்தாது. இரண்டாம் உலகப் போரில் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் விமான இஞ்சினை அமெரிக்காவில் செய்த பேக்கார்டு கம்பெனி, பிரிட்டிஷ் மரைக்காகத் தனியாக டேப்பும் டையும் செய்ய வேண்டி வந்தது. அந்தப் பாடத்தால் 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 60 டிகிரியில் ஒரு பொது மரைக்கு ஒப்புக்கொண்டன. இன்று நாம் போடும் மெட்ரிக் மரையும் 60 டிகிரிதான்.

சைக்கிள்காரர்களும் விட்வொர்த் அளவை எடுக்கவில்லை. காரணம் கேளுங்கள். போர்க்குக் குழாயின் வெளிவிட்டம் ஒரு அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். உள்விட்டம் 22.2. ஆக, சுவரின் கனம் 1.6 மில்லிமீட்டர். ஒரு அங்குலத்துக்கு விட்வொர்த் சொன்ன 8 இழையை வெட்டினால் மரையின் ஆழமே 2 மில்லிமீட்டர். குழாய் ஓட்டையாகிவிடும்! அதனால் அங்குலத்துக்கு 24, 26 என்று நெருக்கமான இழைகளை வைத்தார்கள். ஆழம் ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். அவருடைய எண்ணை விட்டுவிட்டார்கள். ஆனால் எல்லோரும் பேசி ஓர் அளவுக்கு வர வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தை எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் எங்கேயோ செய்த கோனும் கப்பும் நம்ம ஊர்க் கடையில் பொருந்துகின்றன. பெரிய சைக்கிள் தண்டு 22.2, சின்னப் பையன் சைக்கிள் தண்டு 21.1 என்று ஒப்பந்தம் இரண்டாகப் போன இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அளவு என்பது வெறும் எண் இல்லை நண்பர்களே. முகம் தெரியாத ஒரு தொழிலாளி, முகம் தெரியாத இன்னொரு தொழிலாளிக்குக் கொடுக்கும் வாக்கு. நான் தகரத்தைச் சுற்றியபோது அந்த வாக்கை மீறினேன். அடி பட்டது எனக்கு இல்லை, அப்பாவுக்கு.

மாவுக்கட்டு பிரித்த மறுவாரம் அப்பா சைக்கிளைத் தொட்டார். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முறுக்கிப் பார்த்தார். அசையவில்லை. முதல் நாள் அரை மூட்டை. இரண்டாம் நாளும் அரை மூட்டை. நான் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், பயம் விட வேண்டுமே! ஒரு வாரம் கழித்து முழு மூட்டை ஏற்றினார். அந்த உறை இன்று வரை நிற்கிறது. மாதம் ஒருமுறை நான் போல்ட்டைச் சோதித்து, தண்டைக் கழற்றித் துரு பார்க்கிறேன்.

கடைசியாக ஒன்று. இந்த மலர் வந்ததும் என் தங்கச்சி இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவாள். எங்கள் தெருக்காரர்கள் கையிலும் இது போய்ச் சேரும். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ரோட்டில் மணல் எதுவும் இல்லை. தப்பு அப்பாவுடையதும் இல்லை. அளக்காமல் மாட்டியது நான்தான்.

ஆகவே தோழர்களே, நாளை நாம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும், எந்தப் பட்டறையில் நின்றாலும், வீட்டில் ஒரு குழாய் மாட்டினாலும், முதலில் அளப்போம், பிறகு மாட்டுவோம். நாம் செய்யும் பாகத்தின் மேல் நமக்குத் தெரியாத யாரோ ஒருவருடைய அப்பா உட்கார்ந்து போகப் போகிறார்.

வாழ்க தொழிலாளர்! வளர்க நம் தொழில்நுட்பம்!



– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை